கடல் இந்தப் பக்கம்

கோடை விடுமுறைக்கு வேளாங்கண்ணி போய் வந்தோம் என்று யாராவது சிரித்த முகத்தோடு சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தக் கடற்கரை என்னைப் படுத்திய பாடு அப்படி.

நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம். வாக்கப்பட்டது கீழ்வேளூருக்கு மேற்கே, மெயின்ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஒரு ஊர். பெண் பார்க்க வந்தபோது கூடவே வந்த தரகர் என் அப்பாவிடம், "உங்க பொண்ணு நெனச்சா கடலுக்குப் போயி கால நனைச்சுட்டு வந்துடலாங்க, அவ்வளவு கிட்ட" என்றார். நிலம், மாடு, மாமியார் குணம் என்று அவர் சொன்னதில் பாதி பொய். இது மட்டும் நிஜம். நாகப்பட்டினத்தில் பஸ் மாறினால் வேளாங்கண்ணிதான். அப்படி இருந்தும், இரண்டு பிள்ளை பெற்று மூத்தவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் நான் கடலைக் கண்ணால் பார்க்கவில்லை.

பார்த்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் பள்ளிக்கூடம் சாத்தியதும் என் பிறந்த வீட்டுச் சொந்தமெல்லாம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கும். பெரியம்மா வீட்டார், சித்தப்பா வீட்டார், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்த அடுத்த வீட்டார். என் வீடு வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் இருக்கிறதாம். காலையில் என் கையால் புளிச்சோறு கட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் தலையில் மணலும் உடம்பில் உப்புமாகத் திரும்பி, கோடையில் வற்றிக் கிடக்கிற என் கிணற்றில் சேந்திச் சேந்திக் குளிப்பார்கள். மறுநாள் அந்த மணல் துணியை அலசிப் போடுவது நான். "நீயும் வந்திருக்கலாம்ல?" என்று போகிறபோக்கில் கேட்பார்கள் பாருங்கள், அதற்காகவே ராத்திரிக் குழம்பில் உப்பை அள்ளிப் போடலாம் என்று தோன்றும்.

என் வீட்டுக்காரர் நகர மாட்டார். அவர் இல்லாமல் நான் போவதற்கு மாமியார் விட மாட்டார். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அவர் ஏன் நகர மாட்டார் என்பதைச் சொல்லாவிட்டால் அவரைச் சோம்பேறி என்று நினைப்பீர்கள். அவர் சோம்பேறி இல்லை, அதுதான் என் தலையெழுத்து.

எங்களுக்கு ஒன்பது மா நிலம். ஏக்கர் கணக்கில் மூன்று. எங்களுக்கு என்பது பேச்சுக்குத்தான். பட்டா மிராசுதார் பேரில். மாமனார் அந்தப் பண்ணையில் ஆளாக இருந்து, கெஞ்சிக் கேட்டுக் குத்தகைக்கு வாங்கிய நிலம். புது ஆட்சி வந்து, உழுகிற குத்தகைக்காரர் பேரைப் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நல்ல சட்டம்தான். போட்டதும்தான் வம்பு ஆரம்பித்தது. பேர் பதிந்துவிட்டால் பிறகு நிலத்தைவிட்டு இறக்க முடியாதே என்று மிராசுதார்களுக்குப் பயம். பதிவதற்குள் இறக்கிவிட ஊர் ஊராக வேலை நடந்தது. எங்கள் மனு தாலுகா ஆபீசில் கிடந்தது. விசாரணைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதே, நிலம் யார் அனுபோகத்தில் இருக்கிறது, இந்த வருஷம் உழுதது யார் என்பதுதான்.

சித்திரை முதல் நாள் நல்லேர் பூட்டுவது சாமிக்கு. அது கணக்கில் வராது. எங்கள் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், கலப்பை இறங்காது. மேட்டூர் தண்ணீர் வந்து சேர ஆனி ஆகிவிடும். நடுவில் ஒரு கோடை மழை பெய்யும். அந்த ஈரத்தில் முதல் சால் ஓட்டியவர் யாரோ, அந்த வருஷம் உழுதவர் அவர்தான். ஊர் அப்படித்தான் சாட்சி சொல்லும், ஊர்க்கணக்குப் பார்க்கிற கர்ணமும் அப்படித்தான் எழுதுவார். எங்கள் தெருவில் ஒருவர் மச்சினன் கல்யாணத்துக்கு வெளியூர் போனார். போன அன்றைக்கு மழை. வந்து பார்த்தால் அவர் வயலில் பண்ணை ஏர் புகுந்து உழுதுவிட்டுப் போயிருந்தது. அந்த மச்சினனுக்குப் பிள்ளை பிறந்து அது நடக்கத் தொடங்கிய பிறகும் அவர் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

இந்தப் பாழாய்ப்போன மழை எப்போது வரும்? பள்ளிக்கூடம் சாத்தியிருக்கிற அதே நாட்களில்தான். அதனால் ஊர் உலகமெல்லாம் கடலுக்குப் போகிற நேரத்தில் எங்கள் தெரு மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"பக்கத்து வயல்காரருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவமே. மழை பேஞ்சா அவரு நமக்காக ரெண்டு சால் ஓட்டிட மாட்டாரா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவரு ஓட்டினா அவரு ஓட்டினதா ஆயிடும்" என்றார் இவர்.

பக்கத்து வயல்காரர் இவருக்கு உயிர்ச் சிநேகிதர். ஒரே வெற்றிலைப் பெட்டியில் கை விடுகிறவர்கள். அவரை நம்பித் தன் பெண்டாட்டி பிள்ளைகளை ஒப்படைப்பார், வயலை மட்டும் ஒப்படைக்க மாட்டார். நிலம் மனுஷனை அப்படி ஆக்கி வைத்திருந்தது.

கடைசியில் எனக்கு வழி காட்டியது மூத்தவனுக்கு வந்த காய்ச்சல். தை மாதம் படுத்தவன் வாரக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொள்வது வழக்கம். பிள்ளை பிழைத்தால் உன் வாசலில் மொட்டை போடுகிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டேன். பயந்துபோய்த்தான் வேண்டிக்கொண்டேன், ஆனால் வேண்டும்போதே கடலும் நினைவுக்கு வந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பிள்ளை பிழைத்தான். வேண்டுதலைத் தள்ளிப்போட இவருக்குத் தைரியம் இல்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடித்துவிடுவது என்று ஆயிற்று. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும், வானம் வெளுப்பாக இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும் என்பது இவர் போட்ட நிபந்தனை.

அப்படி ஒரு நாள் வந்தது. மாற்றுத் துணி மூன்று பேருக்கும் மடித்து வைத்தேன். எனக்கு ஒரு புடவை, பிள்ளைகளுக்கு இரண்டு செட்டு. கடலில் குளித்தால் மாற்ற வேண்டுமே. இவர் தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டு, கலப்பையையும் நுகத்தடியையும் மாட்டுக்கொட்டகை வாசலிலேயே எடுத்து வைத்துவிட்டு இவர் கிளம்பினார்.

போன பாட்டை எப்படிச் சொல்ல? நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் தமிழ்நாடே நின்றது. மதுரைப் பக்கத்திலிருந்து, திருச்சிப் பக்கத்திலிருந்து, எங்கிருந்தெல்லாமோ குடும்பம் குடும்பமாக. மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நான்காவதில் புகுந்தோம். சின்னவள் யார் மடியில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அழுகுரல் மட்டும் கேட்டதால் பஸ்ஸுக்குள்தான் இருக்கிறாள் என்று சமாதானப்பட்டேன்.

இறங்கினால் அங்கே மொட்டை போட வரிசை. வெயிலில் நின்று நின்று என் தலையே மொட்டை அடித்தது மாதிரி ஆகிவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒரு டீக்கடையில் தண்ணீர் கேட்டால், டீ வாங்கினால்தான் தண்ணீர் என்றார்கள். நிழலென்று இருந்த இடமெல்லாம் யாராவது பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். மூத்தவன் கத்திக்கு அழுது, சந்தனத்துக்கு அழுது, பிறகு தன் தலையைத் தடவிப் பார்த்து அழுதான். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி வெளியே வருவதற்குள் உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. கொண்டுபோன புளிச்சோற்றை ஒரு சுவர் ஓரம் நின்றபடியே தின்றோம். இவர் உருட்டி வாயில் போடுகிற ஒவ்வொரு வாய்க்கும் ஒருதரம் மேற்கே நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு கடல். கடைகளுக்கு நடுவே மணலில் கால் பொரியப் பொரிய நடந்து போனோம். வறுத்த மீன் வாசனை, பலூன்காரன் சத்தம், காணாமல் போன குழந்தைகளுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பு. இத்தனை வருஷம் காத்திருந்து நான் முதலில் கண்டது கடலை அல்ல, கடலைப் பார்த்து நின்றவர்களின் முதுகை. வரிசை வரிசையாக முதுகு. அவற்றை விலக்கிக்கொண்டு முன்னால் போனால், அப்பாடா, இருந்தது. என்னவோ பெரிய சத்தத்தோடு, எங்கேயும் முடியாமல், அது பாட்டுக்கு இருந்தது. சின்னவளை இறக்கிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினேன். அலை வந்து என் காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்று திரும்பிப் போயிற்று. அடுத்தது வரட்டும் என்று நின்றேன்.

"மேற்க பாரு" என்றார் இவர்.

"கடல் இந்தப் பக்கம் இருக்குங்க" என்றேன். கோபத்தை அடக்கிக்கொண்டுதான் சொன்னேன்.

"மேற்க பாருங்கறேன்."

பார்த்தேன். தென்னை வரிசைக்கு மேலே, எங்கள் ஊர் இருக்கிற திசையில், கருகருவென்று மேகம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மின்னல்கூட வெட்டியது. இவர் அதற்குள் மூத்தவன் கையைப் பிடித்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் அவரைக் கண்டேன். எங்கள் மிராசுதாரின் காரியஸ்தர். நிலபுலம் மேற்பார்வை, ஆள் ஏவுவது, ஏர் பூட்டச் சொல்வது எல்லாம் அவர்தான். மிராசுதார் இருந்தது மாயவரத்தில். எங்களைப் பொறுத்தவரை பண்ணை என்றால் காரியஸ்தர்தான். அவர் முழங்காலளவு தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு நின்றிருந்தார். வேட்டியும் பனியனும் நனைந்து உடம்போடு ஒட்டி, வேறு யாரோ மாதிரி இருந்தார். அவரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையை இறக்கியபோது எங்களைப் பார்த்தார்.

எனக்கு உயிர் வந்தது. "அவரே இங்கதான இருக்காரு! அவரு போயிச் சொல்லாம பண்ணையில யாரு ஏரு பூட்டப்போறா? அரை மணி இருந்துட்டுப் போவமே" என்றேன். இதைவிட நியாயமான பேச்சை நான் என் வாழ்க்கையில் பேசியதில்லை.

"அவரு கரையேறிட்டாரு, பாரு" என்றார் இவர்.

நிஜம்தான். காரியஸ்தர் இவரைப் பார்த்த வேகத்தில் தண்ணீரை விட்டு ஏறிக்கொண்டிருந்தார். அவர் ஏறுவதைப் பார்த்து இவர் நடையை எட்டிப் போட்டார். இவர் நடப்பதைப் பார்த்து அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் அடுத்த அலை வந்து போன சத்தம் கேட்டது. நான் சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டில் நாகப்பட்டினம் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறந்தன. சீட்டில் யார் துண்டு முதலில் விழுகிறதோ சீட்டு அவருக்கு. ஏறிப் பார்த்தால் ஒரே சீட்டில் இரண்டு துண்டு கிடந்தது. ஒன்று இவருடையது, ஒன்று காரியஸ்தருடையது. மாமனார் காலத்தில் அந்த மனுஷன் எதிரில் துண்டைத் தோளில் போட முடியாது, இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இப்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதிலும் இரண்டிலும் ஒரே கட்சிக் கரை.

"நான்தான் மொதல்ல போட்டேன்" என்றார் காரியஸ்தர்.

"ஒங்க துண்டு மேல கெடக்குது. மேல கெடந்தா பின்னால விழுந்ததுன்னு அர்த்தம்" என்றார் இவர்.

"மேல கெடக்கறது ஒன்னுது."

கண்டக்டர் வந்தார். இரண்டையும் தூக்கிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானேய்யா இருக்கு, எது யாருது?" என்றார். இருவரும் ஒரே துண்டைக் காட்டினார்கள். "பொம்பளைங்க உட்காரட்டும், நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க" என்று சீட்டைத் தீர்த்துவிட்டுப் போனார். எங்கள் நிலத் தகராறை அந்தக் கண்டக்டரிடம் விட்டிருந்தால் ஒரு நாளில் முடித்திருப்பார்.

ஆக, காரியஸ்தர் பெண்டாட்டியும் நானும் பக்கத்தில் பக்கத்தில், மடியில் பிள்ளைகளோடு. எங்கள் வீட்டுக்காரர்கள் இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், குனிந்து குனிந்து ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த அம்மாளும் கோபமாகத்தான் இருந்தார். "ஒங்க வீட்டுக்காரரு எந்திரிச்சாருன்னுதாம்மா இவரும் எந்திரிச்சாரு. ராத்திரி தங்கறதா இருந்தோம். ரூமுக்கு அட்வான்ஸ் குடுத்திருக்கு" என்றார்.

"அவங்க எந்திரிச்சாங்கன்னுதாங்கம்மா இவரும்" என்றேன்.

அவர் புடவை முழங்கால் வரை நனைந்து, ஓரமெல்லாம் மணல் ஒட்டியிருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அந்த ஈரம் என் புடவையில் பட்டது. அவர் அதைக் கவனித்துவிட்டு, "ஐயோ, ஒன் சேலையெல்லாம் நனையுதே" என்றவர், என் காலைப் பார்த்தார். "நீ தண்ணியில எறங்கவே இல்லையாம்மா?"

கைப்பையைத் திறந்து எதையோ தேடுவது போல மடித்த துணிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

நாகப்பட்டினத்தில் பஸ் மாறி, கீழ்வேளூர் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. ரோடு காய்ந்து கிடந்தது. மெயின்ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தோம், புழுதி பறந்தது. ஊரில் ஒரு சொட்டு விழவில்லை. மேகம் எங்கள் தலைக்கு மேலேயே கிழக்கே நகர்ந்து, நாங்கள் விட்டு வந்த கடலுக்கே போய்ச் சேர்ந்தது. மழையெல்லாம் கடலில்தான் பெய்திருக்கும். அங்கே உழுவதற்கு யாருமில்லை.

இவர் வீட்டுக்குக்கூட வரவில்லை. நேரே வயலுக்குப் போனார். செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நான் போய்ப் பார்த்தபோது, வெடித்த நிலத்தின் இந்த வரப்பில் இவர் நின்றார், அந்த வரப்பில் காரியஸ்தர் நின்றார். அவர் வேட்டி இன்னும் காயவில்லை. இருட்டுகிற வரை நின்றார்கள். இவருக்காவது நிலம் போய்விடுமே என்ற பயம். மாமனார் கெஞ்சி வாங்கியது போனால் மறுபடி பண்ணையாள்தான், அதை நான் அறிவேன். அதனால்தான் என் கோபத்தை யார் மேல் கொட்டுவது என்று தெரியாமல் போயிற்று. திரும்பி வந்து, உடுத்தாத புடவையையும் பிள்ளைகளின் துணிகளையும் கிணற்றடியில் போட்டு அலசினேன். அழுக்கே இல்லாத துணி. மாமியார் பைத்தியமா என்று கேட்டார். கடலுக்குப் போய் வந்தால் துணி அலச வேண்டாமா என்றேன்.

மழை அதற்குப் பின் ஒரு வாரம் கழித்துப் பெய்தது. விடியும்போது பெய்தது, விட்டதும் இவர்தான் முதல் சால் ஓட்டினார். விசாரணை நடந்தது, ஊர் சாட்சி சொன்னது, பேர் பதிவாயிற்று. பல வருஷம் இழுத்து, மிராசுதாரின் வாரிசுகள் விற்றபோது நாங்களே வாங்கி, நிலம் எங்கள் பேருக்கே வந்துவிட்டது. அதற்குள் இவருக்கு முழங்கால் போய்விட்டது. வயலுக்குப் போவது, ஆள் கூப்பிடுவது, தண்ணீர் வைப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது.

அப்புறம் ஒரு கோடையில், பேரப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் சாத்தியிருந்தபோது, மூத்தவன் வேன் எடுத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போனான். கூட்டம் முன்னைவிட மோசம். வண்டி நிறுத்த இடம் தேடியே பொழுது போயிற்று. தண்ணீர் பாக்கெட்டுகள் காலில் மிதிபட்டன. அதே முதுகுகள், அதே வறுத்த மீன். இவரைப் பேரன்கள் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் அலையில் நிறுத்தினார்கள். கையில் குச்சி ஐஸை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. காலடியில் மணல் நழுவியது. இதற்குத்தானா இத்தனை வருஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தப் பக்கம் என்னத்தப் பாக்குற?" என்று இவர் கேட்டார். "கடல் இந்தப் பக்கம் இருக்கு."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். தென்னை வரிசைக்கு மேலே லேசாகக் கறுத்திருந்தது. இனி எந்தப் பண்ணை ஏரும் எங்கள் வயலில் புகாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கழுத்து திரும்ப மறுத்தது. இவர் எவ்வளவு நிம்மதியாக ஐஸை உறிஞ்சுகிறார் என்று பார்க்கப் பார்க்க எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மூத்தவனைக் கூப்பிட்டு, வேன் எங்கே நிற்கிறது என்று கேட்டேன்.